ஜெபராணிக்கு ஸ்கிரைப் தேடிய கதை

பரீட்சைக்கு ஸ்கிரைப் ஏற்பாடு செய்யும் வேலையில் இருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்கள் கேள்வித்தாளைப் பார்த்துப் பயப்படத் தொடங்குவதற்குள் நாம் நம் பங்குக்குப் பயந்து களைத்திருப்போம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பார்வை இல்லாத மாணவர்கள், கையால் எழுத முடியாத மாணவர்கள் வாயால் பதில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருபவர்தான் ஸ்கிரைப். அந்த ஆளைப் பிடிப்பது, அனுமதி வாங்குவது, தனி அறை பார்ப்பது, கூடுதல் நேரம் கேட்பது எல்லாம் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் என் தலையில் விழுந்தன. "நீதான் அமைதியான பொண்ணு, யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டே" என்று காரணம் சொன்னார்கள். சண்டை போடத் தெரியாதவளுக்குக் கொடுக்கவே கூடாத வேலை அது.

செல்போன் வைத்திருப்பவர் பெரிய மனிதராக இருந்த வருடங்கள் அவை. அந்தத் தேர்வுப் பருவத்தில் என் பயம் முழுவதற்கும் ஒரே பெயர்தான்: ஜெபராணி. பி.ஏ. வரலாறு, கடைசி வருடம். பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். அவளுக்கு வெளியூரில் பி.எட். சீட் கிடைத்திருந்தது. குறித்த தேதிக்குள் டிகிரி ரிசல்ட்டைக் காட்டாவிட்டால் சீட் இன்னொருவருக்குப் போய்விடும்.

கை காலியில்லாத ஊர்

ஸ்கிரைப், மாணவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. பிளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா இருக்கும் பெண் கிடைத்தால் போதும். ஆனால் திருப்பூரில் பிளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணை யார் பார்த்திருக்கிறார்கள்? கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்திருப்பாள். அதனால் நான் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்கே போனேன்.

எனக்கு அறிமுகமில்லாதவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கைகளைப் பார்த்துத்தான் பேசுவேன். முதலாளியின் விரலில் பெரிய கல் மோதிரம் இருந்தது. விரல் மட்டும் இன்னும் தோட்டத்து விரலாகவே காய்த்துப் போயிருந்தது. நான் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். "அதுக்கென்னுங்க கண்ணு, புண்ணியக் காரியம். செக்கிங்ல சுமதின்னு ஒரு புள்ள இருக்குது. கொமரலிங்கம் ஊருப் புள்ள. எழுத்து முத்து முத்தா இருக்கும், கூட்டிட்டுப் போங்க" என்றார். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏனுங்க கண்ணு, அந்தப் பரீட்சைய ஷிப்மென்ட் இல்லாத நாளாப் பாத்து வெக்கச் சொல்லுங்களேன்!"

இந்த வருஷமும்

அனுமதிக் கடிதத்துக்காக ஜெபராணியை அழைத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு எழுத்தர். அவருடைய மேசை முன்னால் நின்றாலே எனக்கு வந்த காரியம் மறந்துவிடும். மருத்துவச் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது பழசும்மா. அப்போ கண்ணு தெரியலை, சரி. இப்பவும் தெரியலைன்னு இதுல எங்க இருக்கு?" என்றார்.

நான் அவர் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் மாட்டேன் என்றால் புதுச் சான்றிதழுக்கு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் பரீட்சையே முடிந்துவிடும் என்று நாட்களை எண்ணினேன். ஜெபராணி என் தோளைத் தொட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "தெரிய ஆரம்பிச்சா மொத ஆளா உங்களத்தான் வந்து பாப்பேன் சார், இப்போ சீலு போடுதீகளா?"

வாயைத் திறந்தால்

தனி அறை என்று எங்களுக்குக் கிடைத்தது உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய ஓர் அறை. கண்காணிப்பாளராக வந்த சாருக்கு ஸ்கிரைப் என்றாலே சந்தேகம். முதல் நாளே சுமதியை எழுப்பி நிற்க வைத்தார். "அவ சொல்றதை எழுதறது மட்டும்தான் உன் வேலை. நீயா ஒரு வார்த்தை பேசினாலும் தாளைப் பிடுங்கிடுவேன், தெரிஞ்சுதா?" என்றார். சுமதி தலையை மட்டும் ஆட்டினாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற நானும் கூடவே தலையாட்டினேன்.

பரீட்சை முடியும் மணி அடித்ததும் சார் தாளை வாங்கப் போய்விட்டார். ஜெபராணிக்குக் கூடுதல் அரை மணி நேரம் உண்டு. அதற்கான ஆணை என் கையில் இருந்தது, குரல்தான் இல்லை. வாசற்படியில் நின்று காகிதத்தை மட்டும் நீட்டினேன். நின்றபடியே படித்தார், பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுல அந்தப் புள்ளைக்கு அரை மணி நேரம் குடுத்திருக்காங்க சரிங்க, என்னை உக்காரச் சொல்லி எங்கீங்க போட்டிருக்குது?"

சிவப்பு அம்புகள்

கடைசிப் பேப்பர் அன்று சுமதி ஷிப்டிலிருந்து நேராக ஓடி வந்தாள். மணிக்கட்டில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பனியன் கம்பெனியில் செக்கிங் செய்பவர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். துணியில் ஓட்டையோ, கறையோ, தையல் விட்டதோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு அம்பை ஒட்டித் தள்ளிவிடுவார்கள். கை தானாக நடக்கும், யோசிக்க வேண்டியதில்லை.

பாதிப் பரீட்சையில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். விடைத்தாளின் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு. சுமதி பக்கத்தைப் புரட்டினாள், அங்கே இன்னொன்று. விடைத்தாளில் பிள்ளையார் சுழி போட்டாலே ஆபத்து, திருத்துபவருக்குக் காட்டும் அடையாளம் என்று தாளைச் செல்லாததாக்கிவிடலாம். உள்ளே போக எனக்கு அனுமதியில்லை. கத்திச் சொல்லவும் முடியாது. கண்காணிப்பாளருக்குக் கைகாட்டினேன், அவர் நான் ஈ ஓட்டுவதாக நினைத்துத் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு அம்பாசிடர் வந்து நின்றது. பறக்கும் படை.

படையில் வந்த அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதை மாட்டிக்கொண்டு தாளைக் கையில் எடுத்தார். என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஜெபராணி முகத்தை மட்டும் இங்குமங்கும் திருப்பிக்கொண்டிருந்தாள். "இது என்ன?" என்றார் அந்த அம்மாள். சுமதி கண்காணிப்பாளரைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. "உன்னைத்தான் கேக்கறேன், இது என்ன?" என்று மறுபடியும் கேட்டதும் எழுந்து நின்று, அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "டேமேஜுங்க மேடம்."

எதைப் பார்த்து

தாள் உறைக்குள் போய்விட்டது, முறைகேடு என்ற அறிக்கையும் கூடவே பல்கலைக்கழகத்துக்குப் போனது. ரிசல்ட் வந்த நாளில் ஜெபராணியின் எண்ணுக்கு நேரே 'நிறுத்திவைப்பு' என்று இருந்தது. அதற்கப்புறம் அலுவலகத்தில் போன் அடித்தாலே நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அந்த பி.எட். கல்லூரியிலிருந்து ரிசல்ட் எங்கே என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது, பிறகு இன்னொன்று வந்தது.

ஜெபராணியின் அம்மா வேலையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மேசையின் எதிரில் உட்கார்ந்து, முறைகேடு என்று எழுதியிருந்த காகிதத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடித்து மடித்து என்னிடமே கொடுத்தார். "கண்ணில்லாத பிள்ளை காப்பியடிச்சுட்டான்னு எழுதிட்டீக, எதைப் பாத்து அடிச்சான்னும் சேத்து எழுதிருக்கலாம்லாம்மா?"

ஆல்ட்ரேஷன் யார் வேலை

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஜெபராணி, சுமதி, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். நீள மேசைக்குப் பின்னால் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என்னிடம், "ஏற்பாடு பண்ணினது நீங்கதானே, விளக்கம் சொல்லுங்க" என்றார். நான் இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்த விளக்கம் ஒரு வரிகூட வரவில்லை. "சார், அந்தப் பொண்ணையே கேட்டுடுங்க சார்" என்பது மட்டும் எப்படியோ வெளியே வந்தது.

சுமதி சொன்னாள். ஜெபராணி ஒரு போர் நடந்த வருடத்தை ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி சொன்னாள், இரண்டு பக்கம் தள்ளி அதே போருக்கு வேறு வருடம் சொன்னாள். இரண்டையும் சொன்னது சொன்னபடி சுமதி எழுதிவிட்டாள். வாயைத் திறந்தால் தாள் போய்விடும் என்ற பயம். முடிவில் எழுதியதை ஜெபராணிக்குப் படித்துக் காட்டச் சொல்வார்கள், அப்போது அந்த இடத்தை மட்டும் நிறுத்தி இன்னொரு முறை படிக்கலாம், மறந்துவிடக் கூடாது என்று கை அம்பை ஒட்டிவிட்டது. பிறகு உரித்துவிடலாம் என்றிருந்தாள், அதற்குள் கார் வந்துவிட்டது.

நடுவில் இருந்தவர் தாளைப் புரட்டினார். இரண்டு இடத்தையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, ரொம்ப அன்பாகக் கேட்டார். "தப்புன்னு தெரியுதில்லம்மா, நீயே ஒண்ணாத் திருத்தி எழுதியிருக்கலாமே?" ஆமாம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. சுமதி பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினாள். "ஐயோ, நான் செக்கிங்தானுங்க சார்! நான் கை வெச்சா பீசே ரிஜெக்ட் ஆயிருமுங்க, ஆல்ட்ரேஷன் இந்த ஜெபராணி அக்காதான் பண்ணோணும்."

மிச்சம்

ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு தாளைத் திருத்த அனுப்பினார்கள். அதன் பிறகும் எனக்குத் தூக்கமில்லை. பி.எட். கல்லூரி கொடுத்த கெடு தீரும் தறுவாயில்தான் போன் வந்தது. அன்று தண்ணீர் குடிக்கப் போகாமல் நானே எடுத்தேன். பாஸ். தட்டுத்தடுமாறித்தான், ஆனால் பாஸ். ஜெபராணி சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அந்த ரெண்டு வருஷத்துல எது சரி?" என்று கேட்டாள். சுமதி, "அது எனக்குத் தெரியாதுங்க அக்கா, ரெண்டும் ஒண்ணா இல்லீன்னு மட்டுந்தான் தெரியும்" என்றாள்.

ரிசல்ட் நகலை வாங்கிப் பையில் வைத்தபோது ஜெபராணி என் கையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது போலிருக்கிறது. சிரித்தாள். "பூராத்தையும் எனக்கே பயந்து தீத்துராதீக மேடம், அடுத்த பருவத்துக்கு வேற பிள்ளை வரும், அதுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

பரீட்சை எழுதுகிறவர்கள் என்றைக்காவது பாஸாகி வெளியே போய்விடுகிறார்கள், ஏற்பாடு செய்கிற நாம்தான் பருவத்துக்குப் பருவம் அதே ஜன்னலுக்கு வெளியே அரியர் வைத்துக்கொண்டு நிற்கிறோம்.