முன்னால் மினுக்கிய வண்டி

திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மாலை நான்கு மணிதான், ஆனால் கண்ணாடிக்கு வெளியே சாலையே இல்லை. எல்லோரையும் போல நானும் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். பழுதாகி நிற்கிற வண்டிக்கான விளக்கு அது. மழை வந்தால் ஓடுகிற வண்டியிலும் அதைப் போடுவோம், கண்ணேறு படாமலிருக்கக் கறுப்புக் கயிறு கட்டுவது போல.

முன்னால் இரண்டு மஞ்சள் புள்ளிகள் மினுக்கிக்கொண்டு ஓடின.

"அந்த வண்டி பின்னாடியே போய்க்கினு இருங்க. விழுப்புரம் வரைக்கும் உட்றாதீங்க" என்றாள் மனைவி.

விடவில்லை. விக்கிரவாண்டியைத் தாண்டி ஒருமுறை அவை மழையில் மறைந்தன. மறுபடி தெரிந்தபோது பெரிதாகிக்கொண்டே வந்தன. "ஏன்யா இப்படி மெதுவா உருட்டுறான்" என்று எரிந்து விழுந்தேன். அவன் உருட்டவே இல்லை. நடுச்சாலையில் நின்றிருந்தான்.

பிரேக்கை மிதித்து ஒரு முழ இடைவெளியில் நின்றோம். அந்தக் காரில் யாருமில்லை. கதவு திறந்திருந்தது, வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் பின்தொடர்ந்து வந்த அதே கார்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாலையோரத்தில் ஓர் ஆள் நனைந்தபடி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். எங்களை அவர் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பினேன். மழைக்குள்ளிருந்து ஒரு லாரியின் முகப்பு விளக்குகள் வந்துகொண்டிருந்தன, வேகம் குறையாமல்.

எங்கள் இண்டிகேட்டர்கள் டிக் டிக்கென்று மினுக்கிக்கொண்டிருந்தன, திண்டிவனத்திலிருந்து மினுக்கியது போலவே.