மோர்ஸில் டீ கருகுது

இந்தக் கதை தொடங்கும்போது கடக்வாஸ்லா அணையை நான் மூன்று முறை பார்த்திருந்தேன். ஒருமுறைகூட ஆசைப்பட்டுப் போனதில்லை.

ஸ்வார்கேட்டிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் போகும் பஸ் எங்கள் நிறுத்தத்தோடு நிற்காது, அணைவரை போகும். பஸ்ஸில் முன்வழியாக இறங்க வேண்டும். எனக்கும் கதவுக்கும் நடுவில் முப்பது பேர் நிற்பார்கள். "உத்ராய்ச்சய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் விலகுவார்கள். மராத்தியில் இறங்கவேண்டும் என்று பொருள், அவ்வளவுதான். அந்த வார்த்தை என் தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நிறுத்தம் போய்விடும். அடுத்ததில் இறங்கலாம் என்று நினைப்பேன், அங்கேயும் வாய் திறக்காது. கடைசியில் பஸ் தானாகக் காலியாகும் இடத்தில், சுற்றுலா வந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு இறங்கி, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். இந்தப் பெருமையோடுதான் புனேயில் இருபத்தைந்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

விமான் நகரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் கான்டீனில் எனக்குச் சமையல் வேலை. சமையலில் பேச வேண்டியதில்லை. பேசினால் எச்சில் விழும் என்று ஒரு நல்ல காரணமும் இருக்கிறது.

அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ரேடியோ கிளப் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லாரும் கம்ப்யூட்டர் படிப்பு படித்தவர்கள், ஆளுக்கு இரண்டு போன் வைத்திருப்பவர்கள். உலகத்தில் யாருடன் வேண்டுமானாலும் ஒரு நொடியில் பேசக்கூடிய அவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு பீப், பீஈப் என்று மோர்ஸ் என்ற பழைய தந்தி மொழியைப் பழகுவார்கள். வசதி அதிகமானால் மனிதன் இப்படித்தான் ஆவான் என்று நினைத்துக்கொண்டு டீ கொண்டுபோய் வைப்பேன்.

நாலைந்து ஞாயிறு போனதும் என் விரல் தானாக டீ டிரேயில் தாளம் போட ஆரம்பித்தது. கிளப்பின் செயலாளர் அதைப் பார்த்துவிட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் அவருக்கு மாடிப்படியில் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாக வரும்.

"அண்ணா, உங்க விரல்... அது என்ன பண்ணுது? கோட் தெரியுமா உங்களுக்கு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"கத்துக்கோங்களேன். ரேடியோல பேச லைசன்ஸ் எடுக்கலாம். படிப்பெல்லாம் கேக்க மாட்டாங்க. ரெண்டு மாதிரி இருக்கு. சின்னது எடுத்தா, மைக்ல பேசறது மட்டும். பெரிசுக்கு மோர்ஸ் பாஸ் பண்ணணும். அது பண்ணா பேசவே வேணாம், சும்மா தட்டினாப் போதும். ஜப்பான்ல கூட கேப்பாங்க."

நான் டிரேயைக் கீழே வைத்துவிட்டேன். வாயே திறக்காமல் ஜப்பான்காரனோடு பேசலாம்! இப்படி ஓர் ஏற்பாடு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது பெரிய லைசன்ஸ்தான். மோர்ஸில் தோற்று சின்னது கிடைத்தால், அதைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம், வேறு உபயோகமில்லை.

வீட்டில் சொன்னேன். என் மனைவி இங்கே புனே கட்கியில் பிறந்தவள், புடவைக்கு ஃபால் தைப்பவள். எதையும் மெஷினை நிறுத்தாமல் கேட்பாள்.

"அரே தேவா! பொண்டாட்டிகிட்ட ஒரு நாளைக்கு எட்டு வார்த்த பேசுற மனுஷன், ஜப்பானுக்குப் பேசப் போறாராம். அவன் என்ன பாவம் பண்ணான்?"

"தேர்வுல நிமிஷத்துக்கு எட்டு வார்த்த கேட்டு எழுதணுமாம்" என்றேன்.

"நிமிஷத்துக்கா? உங்களுக்கு அது ஒரு நாள் சரக்காச்சே."

எழுத்துத் தேர்வுக்கான கேள்விகளை அந்தப் பெண் ஹிந்தியிலும் தமிழிலும் சொல்லச் சொல்ல, புரிந்தது பாதி, மனப்பாடம் பாதியாக ஏற்றிக்கொண்டேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் கான்டீன் போர்டில் மெனு எழுதியே பழக்கம். மோர்ஸ்தான் மலைபோல் நின்றது. "எண்ணாதீங்க அண்ணா, சத்தத்தை மட்டும் கேளுங்க. எதோடயும் சேத்து ஞாபகம் வைக்காதீங்க" என்று அவர் சொன்னார். கிளப்பில் எல்லாரும் அதையே சொன்னார்கள். அவர்கள் மூளையில் இடம் இருந்தது, வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். என் மூளையில் எதையாவது வைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கும் டப்பாவில்தான் போட வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். அந்த ஐந்து வருடத்தில் உருப்படியாக மனதில் தங்கியது குறில் நெடில் ஒன்றுதான். சின்ன பீப் குறில், நீள பீப் நெடில் என்று வைத்துக்கொண்டேன். மிச்சத்துக்கு மெனு இருந்தது. வ-டா-பா-வு என்று சொல்லிப் பாருங்கள். குறில், நெடில், நெடில், குறில். அது பி. பிரியாணி என்றால் எஃப். ஜிலேபி, ஆர். சமோசா, டபிள்யூ. சாபுதானா, அதாவது ஜவ்வரிசி, என்று நினைத்தால் ஒய் வந்துவிடும். சாதா புலாவ் கியூ. எஸ் மூன்று குறில், கடுகு. டீ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு நெடில். வெள்ளைக்காரன் என்னைக் கேட்டுத்தான் வைத்தானோ என்று தோன்றியது, அதற்கு டீயையே வைத்தேன். ஓ என்றால் மூன்று நெடில். சாப்பாட்டில் ஒன்றும் அகப்படவில்லை, "போடா போ" என்று வைத்துக்கொண்டேன். கான்டீன் மேனேஜரை நினைத்தால் மறக்காது.

எச் நாலு குறில். அதற்கு "கருகுது" என்று வைத்தேன். அப்போது அது மிக அழகாகப் பொருந்தியது.

இருபத்தாறு எழுத்தும் பத்து நாளில் வந்துவிட்டன. கிளப்பில் எல்லாரும் கைதட்டினார்கள். ரகசியத்தை நான் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விஞ்ஞானத்தை சமோசாவில் அடைத்து வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வேகம்தான் இடித்தது. காதில் விழுவது முதலில் பலகாரமாகி, பிறகு எழுத்தாகி, பிறகு கைக்கு வரவேண்டும். ஐந்து வார்த்தையில் நின்றேன்.

அதற்கு வழி வேலையிலேயே கிடைத்தது. தாளிக்கும்போது கடுகு வெடிப்பதை எந்தச் சமையல்காரனும் எண்ணுவதில்லை, வெடிக்கிறது என்று நினைப்பதுகூட இல்லை. கறிவேப்பிலை போட்டுவிடுகிறது கை. அதேபோல் இதுவும் கைக்கே நேராகப் போகட்டும் என்று, போனில் மோர்ஸை ஓடவிட்டு ஒரு காதில் மாட்டிக்கொண்டு தோசை ஊற்றினேன். ஒரு நாளைக்கு முந்நூறு தோசை. இரண்டு மாதத்தில் பலகாரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பிரியாணி போனது, வடாபாவு போனது, வெறும் எழுத்து மட்டும் வந்தது. ஏழு வார்த்தை, எட்டு வார்த்தை. தோசைகள் எப்படி இருந்தன என்று கேட்காதீர்கள்.

எச் மட்டும் உதிரவில்லை. அந்த நாலு குறில் காதில் விழுந்தால் என் கழுத்து தானாக அடுப்பைப் பார்க்கும். கான்டீனில் அது தெரியவில்லை, அங்கே நான் அடுப்பைத்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தேர்வு நடந்த அறையில் அடுப்பு இல்லை. ஆறேழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எல்லாருக்கும் என் வயதில் பாதி. செய்தி ஓட ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் தி என்ற சொல் எவ்வளவு வரும் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. டீ, எச், ஈ. ஈக்கு ஒரே குறில்தான், பிள்ளையார் சுழிபோல உ என்று வைத்திருந்தேன். ஆகவே எனக்குக் கேட்டது: டீ கருகுது, உ.

முதல் தடவையே திடுக்கிட்டுத் திரும்பினேன். பின்னால் சுவரில் தீயணைக்கும் மணல் வாளி ஒன்று தொங்கியது. திரும்பி வருவதற்குள் மூன்று எழுத்து போய்விட்டது. சமாளித்து எழுதினேன். இரண்டு வார்த்தை தாண்டி மறுபடியும் டீ கருகியது. திரும்பினேன்.

மேற்பார்வையாளர் மேஜைக்கு வந்து குனிந்தார். "பீச்சே க்யா தேக் ரஹே ஹோ?" பின்னால் என்ன பார்க்கிறாய் என்கிறார்.

நான் வாளியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். டீ கருகுது சார் என்று சொல்லும் தைரியம் உள்ளவன் மோர்ஸ் கற்றுக்கொள்ள வந்திருக்க மாட்டான். ஒன்றுமில்லை என்று சொல்ல "குச் நஹி" என்பதுகூட உதட்டில்தான் வந்தது. அவர் எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அதற்குப் பிறகு காதில் விழுந்ததெல்லாம் என் நெஞ்சடிப்புதான். அதையும் கொஞ்சம் எழுதிவைத்தேன் என்று நினைக்கிறேன். தோல்வி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். வேண்டுமானால் சின்ன லைசன்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மைக்கில் பேசலாமாம்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"எச்சு."

"எச்சா? அதுக்கு என்ன?"

வேறு வழியில்லாமல் முழுவதையும் சொன்னேன். குறில் நெடிலில் ஆரம்பித்து வடாபாவு, ஜிலேபி, மேனேஜர், மணல் வாளிவரை. எட்டு வார்த்தைக் கணக்கில் பார்த்தால் ஒரு வருடத்துப் பேச்சு. தையல் மெஷின் நின்றுவிட்டது. மெஷின் நின்று நான் பார்த்ததில்லை. அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓவுக்கு இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மறுபடியும் சிரித்தாள்.

"பாகல், பைத்தியக்கார மனுஷா. அடுப்புக்காரன் காதுல போய் கருகுது கருகுதுன்னா திரும்பாம என்ன பண்ணுவான்? வேற வார்த்த கெடைக்கலியா?"

"பொருந்துச்சே."

"நாலு குட்டை எழுத்துதானே? இருங்க." அவள் விரலை மடக்கினாள். "ம-று-ப-டி. சரியா இருக்கா?"

நான் மேஜையில் தட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஆனால் சந்தேகமும் இருந்தது. "டீ மறுபடி. அப்பவும் டீ போடணும்னுதானே தோணும்?"

"யாருக்கு, உங்களுக்கா? ஞாயித்துக்கெழம காலைல வேலைக்குக் கெளம்புமுன்ன ஒரே ஒரு தடவ டீ போடுறீங்க. மறுபடி ஒண்ணு போடுங்களேன்னு நானும் கல்யாணமான நாள்லேர்ந்து கேக்குறேன். ஒரு நாளாவது தலையத் திருப்பிப் பாத்திருக்கீங்களா? செவுடு மாதிரி பேப்பர் படிப்பீங்க. அதான் வேணும் உங்களுக்கு. தேர்வுல அந்தச் செவுடனா போய் உக்காருங்க."

உண்மையாக இருந்ததால் கோபப்பட முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் தைத்துக்கொண்டே எனக்குப் பயிற்சி கொடுத்தாள். நான் பேப்பர் படிக்கும்போது திடீரென்று "டீ மறுபடி!" என்று கத்துவாள். நான் அசையக் கூடாது. இவ்வளவு சுலபமான பாடத்தை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. நடுவில் இரண்டு முறை உண்மையாகவே டீ கேட்டிருக்கிறாள். அசையவில்லை. அதற்குத் திட்டு வாங்கினேன்.

இரண்டாவது தேர்வுக்கு ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அதே அறை, அதே வாளி, அதே மேற்பார்வையாளர். என்னைப் பார்த்ததும் அவர் நேராக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். செய்தி ஓடியது. முதல் தி வந்தது. டீ மறுபடி. என் மனைவியின் குரலிலேயே கேட்டது. கழுத்து அசையவில்லை. கை எழுதிக்கொண்டே போனது. மூன்றாவது, நாலாவது தி வந்தபோது வார்த்தையும் கேட்கவில்லை, குரலும் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பழகிய செவிட்டுத்தனம், சுத்தமாக வேலை செய்தது. மோர்ஸ் கட்டையைத் தட்டி நாமே செய்தி அனுப்பும் பகுதியில் என்னைவிட மேற்பார்வையாளருக்குத்தான் வியர்த்தது. முடிந்ததும் அவர் வாளியை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தார்.

முடிவு பல வாரம் கழித்து வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். ரேடியோ கிளப் பெண்ணிடமிருந்து போனில் செய்தி. பெரிய லைசன்ஸ் என்று ஹிந்தியிலும், வாழ்த்துகள் அண்ணா என்று எழுத்துப் பிழையோடு தமிழிலும் எழுதியிருந்தார். நான் அதை மூன்று தடவை படித்தேன். பிறகு அதை மோர்ஸில் கம்பியில் தட்டிப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். நிமிர்ந்து பார்த்தால் நிறுத்தம் எப்போதோ போய்விட்டது.

இந்தத் தடவை வார்த்தை தொண்டையில் உட்கார்ந்ததா என்றால், அதைக் கூப்பிடவே இல்லை. கடைசிவரை போனேன். அணைக்கு எதிரே வெங்காய பஜ்ஜி வாங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தேன். பஜ்ஜி லேசாகக் கருகியிருந்தது. பரவாயில்லை. மனைவிக்குப் போன் போட்டேன். நானாகப் போட்டது என்பதாலோ என்னவோ, பயந்துபோய் எடுத்தாள்.

"பாஸ்" என்றேன்.

"க்யா? சத்தமா சொல்லுங்க, காத்து சத்தம். எங்க இருக்கீங்க?"

"கடக்வாஸ்லா."

"மறுபடியா?"

நாலு குறில், ஒரு நெடில். மோர்ஸில் அது எண் நான்கு. அவள் சொன்னது சரிதான், நாலாவது தடவை.