கேட்டால் வந்துவிடும்

செத்துப்போகிற எண்ணம் இருக்கிறதா என்று ஒருவனிடம் வாய்விட்டுக் கேட்டால், இல்லாதவனுக்கும் அது வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் ஐ மாதிரி. பார்த்தால் அது ஒட்டிக்கொள்ளும், கேட்டால் இது. வயது ஐம்பதை நெருங்குகிறது, ஆம்பூர் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர், பிறத்தியாருக்கு யோசனை சொல்வதில் மன்னன். அறிவு இந்த லட்சணம்.

எங்கள் வேலை குறை கண்டுபிடிப்பது. ஷூவில் சுருக்கம், பசைக்கறை, தையல் பிசகு எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். சரிசெய்கிறவர் தேட வேண்டியதில்லை. அதை மனிதர்கள் மேல் ஒட்டுவது எங்கள் லைனின் விளையாட்டு. தொப்பைக்கு ஒன்று, நரைக்கு ஒன்று. என் வழுக்கைக்கு தினமும் ஒன்று. ஒட்டுகிறவன் ஃபினிஷிங் சூப்பர்வைசர். என் தோஸ்த், ஜோலார்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகிறவன்.

ஷிப்மென்ட் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே எங்களுக்கு இல்லாமல் போயிருந்த சமயம். ஒரு நாள் அவன் சட்டைப் பை மேல் ஓர் அம்பை ஒட்டிவிட்டு, தலையைக் கையால் மூடிக்கொண்டு ஓடினேன். அவன் துரத்தவில்லை. மறுநாள் அதே சட்டையில் வந்தான். அம்பு அப்படியே இருந்தது.

டீ நேரத்தில் வம்புக்கு இழுத்தேன். "இன்னாடா, மெடல்னு நெனச்சிட்டியா?"

அவன் கிளாஸைப் பார்த்தபடியே சொன்னான்: "காலைல எழுந்திரிக்காமயே போய்ட்டா நல்லாருக்கும்டா."

"டீ ஆறுது, குடி" என்றேன். கேட்கவும் கூடாது, விடவும் முடியாது. ஆகவே கேட்காமலே காப்பாற்றுவதென்று முடிவெடுத்தேன். அவன் தண்ணீர் குடிக்கப் போனால் எனக்கும் தாகம் எடுத்தது. அவன் பாத்ரூம் போனால் வாசலில் நின்று சீட்டியடித்தேன். கேன்டீனில் என் முட்டையைத் தூக்கி அவன் தட்டில் வைத்தேன். முட்டை சாப்பிடுகிறவன் சாக மாட்டான் என்று எந்த டாக்டர் சொன்னாரோ. சாயங்காலம் அவன் பஸ்ஸிலேயே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ எங்கடா வர்ற?"

"மாமியார் வீட்டுக்கு."

"உன் மாமியார் வீடு குடியாத்தம். பஸ்ஸு ஜோலார்பேட்ட போவுது."

"சுத்திக்கினு போலாம்னு..."

"மேனேஜர் வேவு பாக்கச் சொன்னாரா? காலைலேர்ந்து பின்னாலயே வர்ற. முட்ட வெக்கிற. இன்னாதான் வேணும் உனக்கு?"

பயந்தால் எனக்கு ஜோக் வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

"செத்துடலாம்னு தோணுதாடா உனக்கு?"

கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன், பஸ்ஸே கவிழ்ந்துவிடும் என்பதுபோல. முன் சீட்டில் தையல் செக்ஷன் பெண்கள் யாரோ ஒருத்தியின் கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். வாணியம்பாடி வந்தது.

"ஆமா" என்றான்.

பிறகு அவனே பேசினான். "கண்ண மூடினா ஷூதான்டா வருது. பையன் பேசறது காதுல ஏறல. கொழம்புல உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு தெரியல. சாவ ஆசயில்ல. நாளைக்கும் இப்டியே எழுந்து வரணுமேன்னு நெனச்சாதான் அது தோணுது. யார்கிட்ட சொல்றது? கோழைன்னுவாங்க."

"நான் எப்டிடா உன்ன கோழைன்னுவேன்? என் கையப் பாரு."

கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. காப்பாற்றப் போனவனின் கையை அவன் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தான். "டேய், டாக்டரு உனக்குத்தான் வேணும்."

"சரி, ரெண்டு பேரும் போலாம். வீட்ல சொல்லிடலாமா?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "நீ கூட இரு. நான் சொல்றேன்."

சொன்னான். அவன் மனைவி அதிர்ந்து விழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எனக்கும் சந்தேகம்தாங்கண்ணா. கேட்டா அந்த நெனப்பே வந்துடுமோன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

என் கட்சியில் இன்னொரு உறுப்பினர். நாங்கள் இருவரும் இப்படியே ஜாக்கிரதையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் முழுதாக யோசிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அன்று அவனைத் தனியாக விடவில்லை. மறுநாள் காலை மூன்று பேரும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் மென்று விழுங்கிய அதே கேள்வியை டாக்டரம்மா, காய்ச்சல் இருக்கிறதா என்கிற குரலில் கேட்டார். ஆமாம் என்று அவனும் அதே குரலில் சொன்னான். மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் வந்து பேசச் சொன்னார்கள், வேலைக்கு லீவு எழுதிக் கொடுத்தார்கள். ஷிப்மென்ட் அவன் இல்லாமலே போய்ச் சேர்ந்தது. அவன் திரும்பி வந்து இப்போது சாம்பிள் செக்ஷனில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அந்த நினைப்பு இப்போதும் சில நாட்களில் வருகிறது. வந்தால் எனக்கு போன் செய்கிறான். நான் கேட்கிறேன், அவன் சொல்கிறான்.