பேர் சொல்லிக் கூப்பிட்டவர்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எங்கள் சபைக்குத் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் ஒருவர் வருவார். ஒல்லியான ஆள், கையெல்லாம் சூடுபட்ட தழும்பு. பாட வராது, சத்தமாக ஜெபிக்கவும் வராது. “கர்த்தர் எனக்கு வரம் எதுவும் குடுக்கலீங்க” என்று சிரிப்பார். ஆராதனைக்கு முன் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகொடுப்பார்.

பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஜார்கண்ட்காரர்கள் சபையில் பெருகினார்கள். அவர்களுக்குத் தனி ஆராதனை வைத்துவிடலாம் என்று செயலாளரான நான்தான் கூட்டத்தில் சொன்னேன். “அவங்க பாட்டு நமக்குப் புரியறதில்லீங்க.”

அயர்ன் மாஸ்டர் எழுந்தார்.

“ஏனுங்க, உங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ரத்தம் குடுத்தது சுனில் தானுங்க. ஒழுகுன நம்ம சபைக் கூரைய வெல்டிங் வெச்சது பிலிப்புங்க. நோயாளிக ஊட்டுக்கெல்லாம் போய் ஜெபிக்கறது சுசீலாங்க...”

ஜார்கண்ட்காரர்களில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில், “இதுல யாரைத் தனியாப் போகச் சொல்லோணுங்க?” என்றார்.

என் தீர்மானத்தை நானே திரும்பப் பெற்றேன்.

அந்த ஈஸ்டரில் டோலக் முழங்க, ஒரே பாட்டைத் தமிழிலும் இந்தியிலும் சேர்ந்து பாடினோம். தெருவே நின்று கேட்டது. சபைப் பதிவேட்டை இத்தனை வருடம் எழுதிய எனக்குத் தெரியாத சபையை அவர் எப்படி அறிந்திருந்தார் என்று இன்றும் வியக்கிறேன்.