மாமனுக்கு ஆகாத பிள்ளை

பத்து வயது வரை எனக்குக் காது குத்தவில்லை. வகுப்பில் வெறுங்காதோடு இருந்த பெண் நான் ஒருத்திதான். வசதி இல்லாமல் இல்லை. அப்பா திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருந்தார். எனக்கான கம்மலைக்கூட வாங்கி பீரோவில் வைத்திருந்தார்கள். குறுக்கே நின்றவை இரண்டு நம்பிக்கைகள்.

பெண் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது ஒன்று. நான் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அப்படிக் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது, அதன் முகத்தை அவர் பார்த்தால் அவர் உயிருக்கே ஆபத்து என்பது இன்னொன்று. மடியில் உட்கார வேண்டும், முகத்தில் விழிக்கக் கூடாது. இதை எப்படிச் செய்வது என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளங்கவில்லை.

பரிகாரம் என்னவோ இருந்தது. ஒரு தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் பார்த்துவிட வேண்டும். பிறகு நேரில் பார்த்தால் தோஷமில்லை. ஆனால் நான் பிறந்த சமயம் மாமா துபாயில், உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்து, என்னை எண்ணெயில் பார்ப்பதற்காகக் கிளம்பிய அன்றே வழியில் பைக் சறுக்கிக் கால் முறிந்தது. பார்க்கப் புறப்பட்டதற்கே இந்தக் கதியென்றால் பார்த்தால் என்ன ஆகும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு எண்ணெய்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாமாவின் வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில். அவர் துபாயில் இருக்கும்போது நான் தாராளமாக அங்கே போகலாம். அவர் மனைவி, என் அத்தை, எனக்குத் தலை பின்னிவிட்டு, பிடித்ததெல்லாம் சமைத்துப் போடுவாள். மாமா போனில் பேசுவார். குரலுக்குத் தோஷம் கிடையாது போலிருக்கிறது. ஆனால் அவர் விடுமுறையில் வந்துவிட்டால் அந்தப் பக்கமே நான் போகக் கூடாது. அம்மா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, எனக்கென்று கொடுத்தனுப்பிய சாக்லேட்டுகளோடும் சிவந்த கண்களோடும் திரும்பி வருவாள்.

“எங்கண்ணன் தங்கமான மனுசன். அந்த அண்ணிதான் விடமாட்டேங்கிறா” என்று அப்பாவிடம் புலம்புவாள். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். மாமா ஊரில் இல்லாதபோது என்னைக் கொஞ்சுகிற அத்தை, அவர் வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறாள் என்று நானும் நம்பினேன். சின்ன வயதில் எனக்கு இருந்த ஒரே எதிரி அத்தைதான். அவள் பின்னிவிட்ட சடையோடுதான் அவளை வெறுத்தேன்.

ஐந்தாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையின்போது மாமா ஊருக்கு வந்திருந்தார். அப்பா பொறுமை இழந்து, தன் சொந்தத்தில் யாராவது ஒருவர் மடியில் வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றார். “மாமன் உசுரோட இருக்கும்போதா?” என்று அம்மா அழுதாள். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று தோன்றியது. எண்ணெயில் ஒரு தடவை முகம் பார்த்தால் தீர்ந்துபோகிற விஷயம். எண்ணெய் எங்கள் வீட்டிலேயே இருந்தது. மாமாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்தான். இதற்கா இத்தனை வருடம்?

மறுநாள் அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போனதும், பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலில் நல்லெண்ணெயை நிரப்பிக்கொண்டேன். பக்கத்து வீட்டில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினேன். பர்தா அணிந்த ஓர் அம்மாள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். நான் அவருடன் வந்தவள் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார். அவரை ஏமாற்றிய பெருமையில் மன்னார்குடி வரை பாட்டில் ஒழுகுவதை நான் கவனிக்கவில்லை. என் பாவாடை, சீட், அந்த அம்மாளின் பர்தாவின் ஓரம் எல்லாம் எண்ணெய். திட்டப் போகிறார் என்று பயந்தேன்.

“என்னம்மா இது, தலைக்கா?” என்றார்.

“இல்ல. எங்க மாமா பார்க்கறதுக்கு.”

அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டு, கைக்குட்டையால் மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். அதற்குள் பாட்டிலில் பாதிக்கு மேல் காலி.

நீடாமங்கலத்தில் இறங்கி, வெண்ணாற்றங்கரை வழியாக நடந்தேன். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நின்றது. வெயில் ஏற ஏற, எண்ணெய் பட்ட பாவாடையில் புழுதி அப்பிக்கொண்டது. கால் வலித்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. அத்தை கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது, மாமா எப்படியும் வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அத்தை வாசலில் புழுங்கல் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“எப்படிடி வந்தே?”

“பஸ்ல.”

“யாரோட?”

“தனியாத்தான். மாமாவ எண்ணெயில என்னைப் பார்க்கச் சொல்லுங்க. பார்க்காம போக மாட்டேன்.”

அத்தை என் பாவாடையைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. நெல்லின் ஓரத்தில் உட்கார்ந்து, என் கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரே சங்கடமாகிவிட்டது. சண்டைக்குத் தயாராக வந்தவளிடம் அழுதால் என்ன செய்வது?

மாமா வயலில் இருந்து வருகிற நேரம் என்று சொல்லி, என்னை நெல் மூட்டைகள் அடுக்கிய அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். அம்மாவுக்குப் போன் செய்து தகவல் சொல்வது கேட்டது. சற்று நேரத்தில் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்க்கும் சத்தம். பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மூட்டைகளுக்கு நடுவே ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. அத்தை, “முடியாதுங்க, முடியவே முடியாது” என்று அழுத்திச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அதற்கு மேல் நான் சும்மா இருக்கவில்லை. கதவைத் தட்டினேன். “மாமா, நான் வேணும்னா கண்ண மூடிக்கறேன். நீங்க எண்ணெயில மட்டும் பாருங்க” என்று கத்தினேன். மறுபடியும் தட்டினேன். உள்ளங்கை எரிகிற வரை தட்டினேன்.

கதவைத் திறந்தது அத்தைதான். கூடத்தில் மாமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கால்களில் சேறு காயவில்லை. எதிரே பித்தளைத் தாம்பாளம். அத்தை என் பாட்டிலில் இருந்த மிச்சத்தை அதில் ஊற்றினாள். தட்டின் அடிகூட மறையவில்லை. சமையலறையில் இருந்து தன் எண்ணெயைக் கொண்டுவந்து நிரப்பினாள். மாமா தட்டை எடுத்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். அவர் தோளுக்கு மேலாக முகத்தை நீட்டச் சொன்னாள் அத்தை.

கண்ணை மூடிக்கொள்வதாகச் சொன்னேனே தவிர, ஒரு கண்ணை லேசாகத் திறந்து வைத்திருந்தேன். எண்ணெயில் கல்யாணப் போட்டோவில் பார்த்த மீசை தெரிந்தது. பக்கத்தில் புழுதி படிந்த என் முகம். தட்டு நடுங்கி இரண்டு முகங்களும் கலைந்தன. மறுபடி சேர்ந்தன. மாமா வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

“போதுங்க. இனிமே நிமிர்ந்து பாருங்க” என்றாள் அத்தை.

மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். வீட்டில் எதுவும் இடிந்து விழவில்லை.

“இவ்ளோ வளந்துட்டியா?” என்றார்.

அந்த விடுமுறை முடிவதற்குள் மாரியம்மன் கோயிலில், மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டேன். ஒரு துளி அழவில்லை. சீர்த்தட்டு ஏந்தி முன்னால் நடந்தவள் அத்தைதான். “அந்த அண்ணியையே வழிக்குக் கொண்டுவந்துட்டா எம் பொண்ணு” என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். நானும் சொன்னேன். அத்தை காதில் விழும்படியாகவே சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் பந்தி பரிமாறினாள். மாமாவுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை மட்டும் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

போன வருடம் தஞ்சாவூரில் எனக்குப் பிரசவம் ஆனபோது துணைக்கு அத்தை வந்திருந்தாள். மகனுக்குக் கொடி சுற்றவில்லை. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது என்பதால் சுற்றியிருந்தாலும் கவலைப்பட ஆளில்லை என்று சிரித்துக்கொண்டோம். அந்தத் தைரியத்தில், “அன்னிக்கு மாமா என்னைப் பார்க்கக் கூடாதுன்னு எவ்ளோ சண்டை போட்டீங்க” என்று கேலி செய்தேன்.

அத்தை குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “உன்னைத் திருப்பி அனுப்ப முடியாதுன்னுல்லடி சொன்னேன். பஸ் ஏத்திவிட்டு வான்னு சொன்னது அவரு.”

மாமாவும் கொடி சுற்றிப் பிறந்தவராம். அவருக்கு ஆறு வயதில், அவருடைய தாய்மாமன் வாய்க்காலில் மடை திறக்கப் போய் வெள்ளத்தோடு போய்விட்டார். அம்மா அப்போது கைக்குழந்தை. துக்க வீட்டில் பெண்கள் மாமாவைக் காட்டி, இவன்தான் முழுங்கிவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அதை அவர் கல்யாணத்துக்குப் பிறகு அத்தையிடம் மட்டும் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

“தன் உசுருக்கு அவர் பயப்படல. பைக்குல கால் ஒடிஞ்சதுக்கே உன்னைத்தான் பேசுனாங்க. சாரத்துல ஏறி எறங்கற பொழப்பு. நாளைக்கு விழுந்து வெச்சா உன்னைக் கைகாட்டுவாங்களேன்னுதான். ஒரு தடவகூட பார்க்கலன்னா உன்மேல பழி வராதுல்ல? ஊரு என்னைத்தான் சொல்லுச்சு. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்.”

அப்போதுதான் அன்றைய சாயங்காலம் எனக்கு விளங்கியது. எண்ணெயில் பார்த்து முடிந்த பிறகு மாமாவே என்னைப் பைக்கில் வீட்டுக்கு அழைத்து வந்தார். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலேயே, “நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னு வெச்சுக்க. உன்னாலதான்னு யாராவது சொல்லுவாங்க. நீ நம்பக் கூடாது. என்ன?” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகவே தெரியும் என்று நினைத்தேன். அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, “அத்தையே சொன்னாலும் நம்ப மாட்டேன் மாமா” என்றேன்.

ரயில் போய், கேட் திறந்தது. முன்னால் நின்ற லாரி நகர்ந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் மாமா வண்டியைக் கிளப்பினார்.