கொடுத்தவர் பெயர்

கல்லூரி நூலகத்தில் பழைய ஆவணங்களின் ஸ்கேன்களைச் சேமிக்கும் மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவ, உத்திரமேரூர் போயிருந்தேன். அங்கேதான் அவரைச் சந்தித்தேன். ஒடிசலான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. திங்கட்கிழமைதோறும் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவார். தாம் நூலகத்துக்குக் கொடுத்த தம் ஊர் ஏரி வரைபடத்தைத் திரையில் திறக்கச் சொல்லி, கரை நெடுக விரலை ஓட்டிப் பார்ப்பார். காகிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஏரிக்குள் மனை போட்டு விற்றவர்கள்மேல் வழக்குப் போட இந்த ஸ்கேனைத்தான் நம்பியிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை என் வேலைப் பட்டியலில் எல்லா வேலையும் முடிந்திருந்தது.

"முன்ன இந்த ரூமுக்குள்ளதான் தெரியும் ஐயா. இப்ப போன்ல தேடினாலே வரும்."

அவர் விரல் நின்றது. "யாரு தேடினாலுமா?"

"யாரு தேடினாலும்."

"இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற? கீழ எம்பேரு கீதே!"

வரைபடத்துக்கு அடியில் 'வழங்கியவர்' என்று அவர் பெயரும் ஊரும் இருந்தன. பழைய பதிப்பு அதைக் காட்டியதில்லை. புதியது காட்டுமா என்று சோதிப்பது என் பட்டியலில் இல்லை.

உடனே மறைத்தேன்.

"எப்பலேர்ந்து கீது?"

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து."

அவர் சிரித்தார். "அதான் நேத்து மனை போட்டவன் வூட்டாண்ட வந்தான். 'இன்னா நைனா, நல்லாகீறியா'ன்னு கேட்டுட்டுப் போனான். பத்து வருசமா மூஞ்சி குடுக்காதவன்."

வரைபடத்தை எடுத்துவிடவா என்றேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டுப் போனார்.

அடுத்த இரண்டு திங்கட்கிழமைகளும் அவர் வரவில்லை என்று நூலகத்தில் சொன்னார்கள். ஊருக்குப் போய் விசாரிக்கலாம். ஆனால் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டால், அங்கேயும் நான் அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.