துளையில் சந்தனம்

சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய கறுப்பு வட்டத் தகடு. நடுவில் ஒரு துளை, கடுகுகூட நுழையாது. துப்பாக்கியின் பின்பக்கத்தில், கண்ணுக்கு நேராக இருக்கும் பீப் சைட் என்ற குறிபார்க்கும் பாகத்தில் இந்தத் தகட்டைத் திருகி வைப்பார்கள். அந்தத் துளை வழியே பார்த்துத்தான் ஐம்பது மீட்டர் தள்ளியுள்ள கறுப்புப் புள்ளியைக் குறி வைக்க வேண்டும். என் மைத்துனி ஒரு நாள் அந்தத் தகட்டை என் உள்ளங்கையில் வைத்து, "மாமா, இதுக்குள்ளதான் என் மானம் இருக்கு, கீழ போட்டுறாதீங்க" என்றாள். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் விரல்கள் தாமாகவே குவிகின்றன.

மைத்துனி என்றால் என் மனைவியின் தங்கை. சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் கோயிலுக்கும் கொள்ளிடக்கரைக்கும் நடைபோவார்கள். இவள் பஸ் ஏறிக் கடலூருக்கு வந்து, சவுக்குத் தோப்பின் ஓரத்தில் இருந்த ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். நான் திருப்பாதிரிப்புலியூரில் இருந்ததால் துணைக்குப் போகும் வேலை என் தலையில் விழுந்தது. ஏரிகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதியே உத்தியோகத்தைக் கழித்தவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன், எண்ணியதைச் சந்தேகிப்பேன். துப்பாக்கி வெடிக்கும் இடத்தில் அப்படிப்பட்டவனுக்கு நிம்மதி ஏது?

முதலில் அவளுக்குக் கிடைத்தது பழைய திறந்த சைட். பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு குச்சி, அதற்கப்பால் குறி. மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். இளவயதுக் கண் அதைச் சமாளிக்கும். அறுபதை நெருங்கிய கண்ணோ ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டையும் விட்டுவிடும். "அப்படியானால் டெலஸ்கோப் வாங்கிப் பொருத்தலாமே, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறதோ அத்தனை நல்லது" என்று நான் யோசனை சொன்னேன். கிளப்பில் பயிற்சி கொடுத்த ஹவில்தார், ராணுவத்தில் இருந்து வந்தவர், தன் டெலஸ்கோப் துப்பாக்கியைப் பேசாமல் என்னிடம் தந்தார். பார்த்தால் புள்ளி பூசணிக்காய் போலப் பெருத்துத் தெரிந்தது, ஆனால் என் நாடித்துடிப்புக்கெல்லாம் அது எகிறிக் குதித்தது. "பெருசு பண்ணா நடுக்கமும் பெருசாகும் சார். அதோட, டீச்சரம்மா போற போட்டியில டெலஸ்கோப் கூடாது" என்றார். பீப் சைட் என்று முடிவானது அப்படித்தான். சின்னத் துளை வழியே பார்க்கும்போது கண்ணுக்குள் தாறுமாறாக நுழையும் வெளிச்சம் தடைப்பட்டு, முன் சைட்டும் குறியும் கூர்மை பெறுகின்றன. அன்று அவள் சந்தோஷத்தில் போட்ட சத்தத்தில் சவுக்குத் தோப்புக் காக்கைகள் எழும்பிப் பறந்தன.

முன் சைட்டுக்குள் போடுவதற்கு வெவ்வேறு அளவில் வளையங்கள் வரும். எண்ணினேன், பத்து. மற்றவர்கள் புள்ளியை இறுக்கிப் பிடிக்கும் சின்ன வளையத்தைப் போட்டார்கள். இவள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் பெரியதில் ஒன்றை எடுத்தாள். "கறுப்பச் சுத்தி வெள்ள நல்லாத் தெரியணும் மாமா. இறுக்கமா இருந்தா நடுவுல இருக்கா இல்லியான்னு சந்தேகம் வருது. சந்தேகம் வந்தா கை ஆடும்." சந்தேகமே வேண்டாம் என்பதற்காக ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி.

பராமரிப்பு அதைவிடப் பெரிய கவலை. கடல் காற்றில் திருகுகள் ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும். குறியில் விழுந்த ஓட்டையைப் பார்க்கத் தனியாக ஸ்டாண்டில் வைக்கும் தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்திவலை போலப் படரும். அவள் செருப்புப் பெட்டிகளிலும் மருந்து டப்பாக்களிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, டப்பாவில் தொலைநோக்கியோடு வைப்பாள். ஒருமுறை நான் அதன் லென்ஸை வேட்டி நுனியால் துடைக்கப் போனேன். "ஐயோ மாமா, வேட்டில இருக்கிற மண்ணே போதும், கீறிடும்! மொதல்ல ஊதுற ரப்பர், அப்புறம் பிரஷ்ஷு, கடைசிலதான் துணி" என்று கையைத் தட்டிவிட்டாள்.

மாவட்டப் போட்டியில் முதியோர் பிரிவில் குறிப்பிட்ட மார்க் எடுத்தால்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். இதற்கிடையே வலது கண்ணில் புரை ஆரம்பித்திருப்பதாகவும், பொங்கலுக்கு அப்புறம் அறுவை செய்துவிடலாம் என்றும், அதுவரை மங்கல் கூடலாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். "அதுக்கு முன்னாடி என் சொந்தக் கண்ணால ஒரு தடவ ஜெயிச்சிடணும் மாமா" என்றாள். 

ஆயுத பூஜை வந்தது. கிளப்பில் துப்பாக்கிகள் வெடிக்காதபடி அவற்றின் போல்ட்டைக் கழற்றி, பச்சைத் துணி விரித்து வரிசையாக அடுக்கினார்கள். சந்தனக் கிண்ணத்தை இவள் வாங்கிக்கொண்டாள். பொரி கடலை கொடுத்தோம், கற்பூரம் காட்டினோம். சாயந்திரம் ஹவில்தார் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டு உள்ளே வைத்தார். மறுநாள் பிடித்த மழை போட்டிவரை விடவில்லை. பயிற்சியே கிடையாது.

போட்டி அன்று காலை வானம் வெளுத்திருந்தது. மார்க் கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளைச் சுட முதலில் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். இரண்டு சுட்டாள். மூன்றாவதற்குத் துப்பாக்கியை எடுத்தவள், படுத்துச் சுடுவதற்காக விரித்த பாயிலேயே இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். நடுவரிடம் அனுமதி பெற்று, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களிடம் வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கண்ணு போயிடுச்சி மாமா. இருட்டா, மஞ்சளாத் தெரியுது. டாக்டர் சொன்னது வந்துடுச்சி."

ஹவில்தார் தணிந்த குரலில், "முடியலன்னா விலகிடலாம் டீச்சர்" என்றார்.  விலகிவிடு என்று சொல்ல எனக்குப் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.  அவள் ஆட்காட்டி விரலைக் கட்டைவிரலோடு சுருட்டி, நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதை வலது கண்ணில் வைத்துக் குறிப்பலகைகளைப் பார்த்தாள். கண்ணாடியை மறந்து வந்த நாட்களில் பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயர் படிக்க அவள் செய்கிற வித்தை அது.

"பதினொண்ணு," என்று பலகை எண்ணைப் படித்தாள். "பன்னண்டு. பளிச்சுனு இருக்கு!" குரல் ஏறியது. "கண்ணு நல்லாதான் இருக்கு. அந்தத் தகட்டக் கழட்டுங்க ஹவில்தார்!"

ஹவில்தார் துப்பாக்கி இருந்த இடத்துக்கு ஓடிப்போய்த் தகட்டைத் திருகி எடுத்துவந்து வானத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். பிறகு இரண்டையும் திறந்தார்.

"டீச்சரம்மா, சந்தனம்."

"எந்தப் புண்ணியவான் அதுல வெச்சது?"

"நீங்கதான்! துப்பாக்கிக் கட்டையில மட்டும் வைங்கன்னேன். சைட்டு நெத்தி மாதிரி இருக்குன்னு சொல்லி நடுவுல வெச்சீங்க. மேல தொடச்சேன், உள்ள போனது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"முப்பது வருஷமா ஷாட்புட்டுக்கு வெச்சேன், ஒண்ணும் ஆவலியே!"

"அதுல ஓட்ட ஏது டீச்சர்!"

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பாக்கியைக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பரால் ஊதினார்கள், காய்ந்த சந்தனம் அசையவில்லை. நான் ஊக்கை எடுத்து நீட்டினேன். "இரும்பு வேணாம் சார், துளையோட ஓரம் கீறினா அப்புறம் வட்டமே இல்ல" என்று ஹவில்தார் தடுத்தார். மூலையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியைச் சீவி, தண்ணீரில் நனைத்து, மெள்ளத் திருகித் திருகி மஞ்சள் துணுக்கை வெளியே கொண்டுவந்தார். அவர் தகட்டைத் துடைத்து முடித்ததும்தான் அவள் அதை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து, மானம் பற்றிச் சொன்னது. தன் கைகளின் வேர்வையைத் துடைக்க அவளுக்கு அந்த அவகாசம் தேவைப்பட்டது.

தகட்டைத் திருகி மாட்டிவிட்டு மீண்டும் படுத்தாள். முதல் குண்டு இடப்பக்கம் கீழே விழுந்தது. சைட்டின் குமிழைத் திருப்பினாள். மேலே நான்கு டிக், வலப்பக்கம் மூன்று. அத்தனை சத்தத்திலும் அந்த டிக் டிக்கை எண்ணினேன், அல்லது எண்ணியதாக நம்பினேன். அடுத்த குண்டு நடுவில் இறங்கியது. அதற்குப் பிறகு மார்க்குக்கான அறுபது குண்டுகள். அவள் கன்னம் கட்டையிலிருந்து அசையவே இல்லை. நான்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளுக்கும் சேர்த்து மூச்சு வாங்கினேன்.

குறிக் காகிதங்கள் வந்தன. கூட்டிப் பார்த்தார்கள். தேவையான மார்க்குக்கு ஒன்று குறைந்தது. ஆனால் ஒரு குண்டு ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவிலிருந்த கோட்டைத் தொட்டது போலவும் தொடாதது போலவும் இருந்தது. ஒன்பது என்று போட்டிருந்தார்கள். ஹவில்தார் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். தலைமை நடுவர் ஒரு சிறிய அளவுக் கம்பியையும் கையகல உருப்பெருக்கியையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். கோட்டைத் தொட்டால் பத்து, மாநிலப் போட்டி. தொடாவிட்டால் இந்தக் கண்ணுக்கு இன்னொரு போட்டி கிடையாது.  நான் எட்டிப் பார்த்தேன். தொடவில்லை என்று தோன்றியது, மறுபடி பார்த்தால் தொட்டது.

"மாமா, தள்ளுங்க. நீங்க பாத்தா அது ரெண்டும் ஆவும்," என்றாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காகிதத்தின் பக்கம் திரும்பவே இல்லை. "அது பத்து. விசைய அழுத்துறப்ப வளையத்துக்குள்ள கறுப்பு எங்க நின்னுச்சின்னு பாத்தவ நான்."

அன்று காலையில் கண் போய்விட்டது என்று நின்றவள் சொன்னது அது. நடுவர் ஓட்டைக்குள் கம்பியை நுழைத்து, உருப்பெருக்கியைக் கண்ணருகே கொண்டுபோய், குனிந்து, நீண்ட நேரம் பார்த்தார். அவர் நிமிர்ந்து வாய் திறப்பதற்குள் மைத்துனி தன் துப்பாக்கியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டிருந்தாள்.

"பத்து," என்றார் நடுவர்.

இன்று அந்தக் கண்ணில் இருப்பது மருத்துவர் வைத்த லென்ஸ். எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், பஸ் போர்டும் படிக்கிறாளாம். கூட்டுத்தொகையை நான் அன்று மறுபடி கூட்டிப் பார்க்கவில்லை. வாழ்நாளில் அப்படி விட்ட கணக்கு அது ஒன்றுதான்.